வயிறு நிறைந்தும் வாடிய குஞ்சுகள்

பிறந்த கன்னுக்குச் சீம்பால் கொடுக்காம விட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடல் மீன் குஞ்சுக்கும் அப்படி ஒன்று உண்டு. அதுதான் சில வகைக் கொழுப்பு. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று இன்றைக்குப் பார்ப்போம்.

ஜப்பானில் விலாங்கு மீன் குளங்களில் ரோட்டிஃபர் என்ற சின்னஞ்சிறு உயிர் திடீரென்று பெருகும். பாசியையெல்லாம் தின்று தீர்க்கும். தண்ணீர் கெட்டு மீன் சாகும். 1960இல் இத்தோ என்ற அறிஞர் இந்தத் தொல்லையையே வளர்த்து, மீன் குஞ்சுக்குத் தீனியாக்கினார். குஞ்சின் வாய் எவ்வளவு சின்னது, பாருங்க! அந்த வாய்க்குப் பொருத்தமான இரை அது.

தேவை கூடியது. 1960களின் பிற்பகுதியில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்டைக் கொடுத்து ரோட்டிஃபரைப் பெருக்கினார்கள். வேலை சுலபமானது. ஆனால் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கடல் பாசி தின்ற ரோட்டிஃபரைக் கொடுத்தால் பிழைத்தன. வயிறு நிறைந்திருந்தும் சாவானேன்?

டோக்கியோ மீன்வளப் பல்கலைக்கழகத்தில் வதனபே குழுவினர் 1970களில் இதை ஆராய்ந்தார்கள். இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள் ஈஸ்டில் கிடையாது. நன்னீர் மீன்கள் பலவும் தாவர எண்ணெயிலிருந்து இவற்றை ஓரளவு தாமே தயாரித்துக்கொள்ளும். கடல் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சக்தி போதாது. ஆகவே மீன் எண்ணெயை முதலில் ரோட்டிஃபருக்கு ஊட்டி, அதைக் குஞ்சுக்குக் கொடுத்தார்கள். சாவு குறைந்தது.

சரி, பிழைத்தால் மட்டும் போதுமா? புத்தியும் வேணுமே! 1995இல் ஸ்காட்லாந்து அறிஞர்கள் ஹெர்ரிங் குஞ்சுகளைச் சோதித்தார்கள். டி.எச்.ஏ. குறைந்தவை மங்கிய வெளிச்சத்தில் இரையைப் பிடிக்கத் தடுமாறின. 1998இல் ஜப்பானில் மசுதா குழுவினர், நம் பாரைக்கு உறவான புரி மீனை எடுத்துக்கொண்டார்கள். டி.எச்.ஏ. ஊட்டிய ஆர்டீமியா தின்ற குஞ்சுகள் கூட்டமாக ஒரே திசையில் நீந்தின. மற்றவை தனித்தனியே திரிந்தன. மறு வருஷமே, அந்தக் கொழுப்பு மூளையிலும் தண்டுவடத்திலும் விழித்திரையிலும் போய்ச் சேருவதைக் காட்டினார்கள்.

ஜப்பானில் பண்ணைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதும் உண்டு. கூட்டம் சேரத் தெரியாத குஞ்சு அங்கே எத்தனை நாள் தாங்கும்? பெரிய மீனுக்கு இரையாகும். பட்ட பாடு வீண்.

நம்ம பக்கம் முட்டுக்காட்டில் 1997இல் கொடுவா குஞ்சு உற்பத்தி வெற்றி பெற்றது. கொடுவா குஞ்சுக்கும் ரோட்டிஃபர், ஆர்டீமியாதான் ஆரம்பத் தீனி. ஒன்று நினைவிருக்கட்டும்: ஆர்டீமியாவுக்கு எண்ணெய் ஊட்டியதும் தாமதிக்காமல் குஞ்சுக்குக் கொடுத்துவிட வேண்டும். நேரம் போனால் டி.எச்.ஏ.வை ஆர்டீமியாவே தன் உடம்பில் மாற்றிவிடும். குஞ்சு வாங்கப் போறவங்க எண்ணிக்கையை மட்டும் கேட்காதீங்க. என்ன தீனி கொடுத்து வளர்த்தீங்கன்னும் கேளுங்க.