தகவலியலும் தொடர்பியலும்: இளநிலைப் பட்டத் தேர்வின் வரலாற்றுப் பின்னணி – கொல்லிமலையை முன்வைத்து

முன்னுரை

தகவலியலும் தொடர்பியலும் இன்று ஒரே புலமாகப் பேசப்படுகின்றன. ஆயினும் தமிழக உயர்கல்வியில் ஒன்று பட்டதாரிகளுக்குரிய தொழிற்பயிற்சியாகவே நீடித்தது. மற்றொன்று இளநிலைப் பட்டமாக மாறியது. இவ்வேறுபாடு கொல்லிமலையின் முதல் தலைமுறை மாணவரது தேர்வை எவ்வாறு வரையறுக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலகவியல்: பட்டத்திற்குப் பின் ஒரு பட்டம்

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928இல் உருவான சென்னை நூலகச் சங்கம், அடுத்த ஆண்டே நூலகப் பயிற்சியைத் தொடங்கியது. 1931இல் அப்பயிற்சியைப் பல்கலைக்கழகம் ஏற்றது. 1937இல் அது ஓராண்டு முதுநிலைப் பட்டயமாயிற்று. ஏதேனும் ஒரு துறையில் தேர்ந்தவரே நூலகராதல் வேண்டும் என்னும் கருத்து இவ்வமைப்பில் உறைந்துள்ளது. 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலகங்களைப் பெருக்கியபோதும் இவ்வமைப்பு மாறவில்லை. இன்றும் நூலகத் தகவல் அறிவியல் இளநிலைப் பட்டம், பெரும்பாலும் மூன்றாண்டுப் பட்டத்திற்குப் பின் பயிலும் ஓராண்டுப் படிப்பாகவே உள்ளது.

இதழியலிலிருந்து காட்சித் தொடர்பியலுக்கு

இதழியல் கல்வியும் முதலில் இளநிலைப் பட்டமாக அமையவில்லை. 1920இல் அன்னி பெசன்ட்டின் முயற்சியால் அடையாறு தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பிக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947இல் அதனைப் பட்டயப் படிப்பாக ஏற்றது. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியதையொட்டித் தனியார் ஒளிபரப்பு விரிந்தது. ஆட்களின் தேவையும் பெருகியது. காட்சித் தொடர்பியல், மேல்நிலைப் பள்ளி முடித்தவர் நேரே சேரும் மூன்றாண்டுப் பட்டமாகக் கல்லூரிகளில் பரவியது. எனவே, படிப்பின் படிநிலையைத் தீர்மானித்தது பாடத்தின் இயல்பன்று, வேலைச்சந்தையின் அழுத்தமே.

கொல்லிமலையில் தேர்வு

1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அமைந்துள்ளது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டும். சமவெளிக் கல்லூரியில் பயில்வோருக்கு விடுதிச் செலவு தவிர்க்க இயலாதது. இந்நிலையில் நூலகத் தகவல் அறிவியலைத் தேர்வது நான்காண்டுப் படிப்பைத் தேர்வதாகும். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. ஆனால் அவ்வுதவி முதல் பட்டத்துடன் நிறைவுறுகிறது. பொருளுதவி நின்றபின் தொடங்கும் நான்காம் ஆண்டே மலைவாழ் மாணவருக்குத் தடையாகிறது. தொடர்பியலில் அத்தடை இல்லை. எனினும் படக்கருவி, கணினி ஆகியவற்றின் செலவு அங்கே வேறொரு தடையாக நிற்கிறது.

முடிவுரை

இளநிலைப் பட்டத்தைத் தேர்வது மாணவரின் விருப்பம் சார்ந்தது மட்டுமன்று. அவர் பிறப்பதற்கு முன்பே வகுக்கப்பட்ட படிநிலையையும் சார்ந்தது. பட்டயமாகத் தொடங்கிய இதழியல் இளநிலைப் பட்டமாக மாறியது போலவே தகவலியலும் மாறக்கூடும். அதுவரை, நூலகத் தகவல் அறிவியல் பயிலும் ஓராண்டிற்கும் உதவித்தொகையை நீட்டிப்பது, மலைக்கிராம நூலகங்களுக்கு அம்மண்ணிலிருந்தே நூலகர்கள் உருவாக வழிசெய்யும்.