கண்டனமும் நூலாசிரியரும்

நூல் எழுதுவார்க்கு வேண்டிய கல்வி இரண்டு. ஒன்று, எழுதக் கற்பது. மற்றொன்று, எழுதியதைப் பிறர் குறை கூறுங்கால் அதனைக் கேட்கக் கற்பது. முன்னதைக் கற்பிக்கப் பள்ளியும் உண்டு, ஆசிரியரும் உண்டு. பின்னதைக் கற்பிப்பாரைக் காணோம். ஆதலின் நம் முன்னோருள் அக்கல்வியைத் தாமே தேடிக்கொண்டவர் யார், அதனைப் பெறாமையால் காலத்தை வீணிற் கழித்தவர் யார் என்று வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது, தமிழில் எழுத விரும்பும் நம்மவர்க்குப் பெரிதும் பயன்படும்.

பழந்தமிழ் நாட்டில் கண்டனம் என்பது நூலுக்குப் புறம்பான ஒன்றாகக் கருதப்படவில்லை. ஒருவன் நூல் செய்தால் அதனைப் புலவர் கூடிய அவையில் அரங்கேற்றல் வேண்டும். அவையோர் தடை எழுப்புவர். ஆசிரியன் விடை கூறுவான். விடை பொருந்தினால் நூல் நிலைக்கும். நன்னூற் பாயிரம் நூலுக்குரிய பத்து அழகுகளைக் கூறியதோடு நில்லாது, பத்துக் குற்றங்களையும் எண்ணிக் கூறுகின்றது. காப்பியம் பாடிய பெரும் புலவரும் அவையடக்கம் பாடிய பின்னரே கதையைத் தொடங்கினர். குறை காண்போர் வருவர் என்பதை எதிர்பார்த்தே அவர்கள் எழுதுகோல் எடுத்தனர் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் அதே நாட்டில்தான் வேறு வகையான கதைகளும் உலவின. தருமிக்காக இறைவன் எழுதிக்கொடுத்த பாட்டில் நக்கீரர் குற்றங் கண்டார் என்றும், அதற்கு மறுமொழியாக இறைவன் நெற்றிக்கண்ணைத் திறந்தான் என்றும் திருவிளையாடற் புராணம் பேசுகின்றது. பிழைபடப் பாடினோர் காதை வில்லிபுத்தூரார் அறுத்தார் என்று மற்றொரு கதை. இவை வரலாறு ஆகா, கட்டுக்கதைகளே. எனினும் கட்டியவர்தம் மனப்பான்மையை இவை காட்டாமல் இல்லை. குறை கண்டவனைச் சுட்டெரிப்பது ஆண்டவனுக்கேனும் அழகாகுமா என்று கேட்கும் துணிவு பகுத்தறிவுள்ள மக்களுக்கு வேண்டும். அக்கதையிலும் மக்கள் நெஞ்சில் இன்றுவரை நிற்பவர், எரிப்பட்டும் தம் கருத்தினின்று மாறாத நக்கீரரே அல்லவா?

அச்சுப் பொறி பரவிய காலத்தில் அரங்கு மாறிற்று. இந்தியாவில் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அச்சகத் தொழிலுக்கிருந்த கட்டுகள் தளர்ந்தன. நாட்டு மக்களும் தாராளமாக அச்சுக்கூடம் வைக்கலாயினர். அவையில் நேர்முகமாக நிகழ்ந்த தடையும் விடையும் துண்டுப் பிரசுரங்களாக மாறித் தெருவிற் பறந்தன. முன்னரே சிவஞான முனிவர் தாம் எழுதிய மறுப்பு நூலுக்கு ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என்று பெயரிட்டிருந்தார். பெயரே புயலானால் உள்ளிருக்கும் பொருளின் வேகத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. அச்சு வந்தபின் அத்தகைய சூறாவளிகள் ஆண்டுதோறும் வீசின.

இவற்றுள் பெரியது அருட்பாப் போர். இராமலிங்க அடிகளின் திருவருட்பா 1867இல் அச்சேறியது. அப்பெயர் அப்பாடல்களுக்குத் தகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தெழுந்தார். இரு திறத்தாரின் மாணவரும் அன்பரும் மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக எழுதிக் குவித்தனர். 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கே சென்றது. அடிகள் 1874இல் மறைந்தார். நாவலர் 1879இல் மறைந்தார். போர் மட்டும் மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரைவேற் பிள்ளையும் மறைமலையடிகளும் அதனைத் தொடர்ந்து நடத்தினர். நாவலர் தமிழ் உரைநடைக்கும் கல்விக்கும் செய்த தொண்டு பெரிது. அடிகள் சாதி சமய வேறுபாடுகளைக் கடந்து பசிப்பிணி நீக்கச் செய்த தொண்டும் பெரிது. அவ்விரு தொண்டுகளையும் வளர்க்க வேண்டிய கைகள் அரை நூற்றாண்டு ஒரு பெயரைக் குறித்துச் சண்டையிட்டன. இதனால் அருட்பாவில் ஒரு பாட்டேனும் திருந்திற்றா? நாவலர் நூலில் ஒரு வரியேனும் தெளிந்ததா? இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இனி, இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றைக் காண்போம். உத்தமதானபுரம் வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியாரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கற்றதைப் பெரிதாக மதியாத அம்முதலியார், சீவக சிந்தாமணியைப் பாடஞ்சொல்லக் கேட்டார். ஐயர் அதுகாறும் அந்நூலைக் கண்டவரல்லர். ஏடுகளைத் தேடினார், ஒப்பு நோக்கினார். சமணக் கருத்துக்கள் விளங்காத இடங்களில், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். சைவ மடத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ஒருவர் அவ்வாறு செய்வது அக்காலத்தில் எளிய செயலன்று. ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887இல் சிந்தாமணி வெளிவந்தது.

பாராட்டு வந்தது, அதன் பின்னே கண்டனமும் வந்தது. பதிப்பிற் பிழை மலிந்துள்ளதென்று துண்டுத் தாள்கள் அச்சிட்டுப் பரப்பப்பட்டன. சைவர் ஒருவர் சமண நூலை வெளியிடலாமா என்று சமயப் பற்றுடையோர் சினந்தனர். ஐயரும் மனிதர்தாமே, மனம் புண்பட்டார். மறுப்பொன்று எழுதினார். எழுதியதை உடன் பணியாற்றிய சாது சேஷையரிடம் கொண்டுபோய்க் காட்டினார். சேஷையர் அதனை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். ஒன்றுக்கு விடை எழுதினால் மற்றொன்று வரும். அதற்கும் விடை எழுத நேரும். பழந்தமிழ் நூல்களுக்குச் செலவிட வேண்டிய காலம் வம்புக்குச் செலவாகிவிடும் என்பதே அவர் கூறிய அறிவுரையின் சாரம். ஐயர் அவ்வறிவுரையை ஏற்றுக்கொண்டார். இந்நிகழ்ச்சியை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில், 1940 முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து எழுதிய ‘என் சரித்திர’த்தில், ஒளிக்காமல் எழுதியிருக்கின்றார்.

இங்கே ஒன்றை ஊன்றிப் பார்க்க வேண்டும். மறுப்பெழுதாமை என்பது கேளாமையன்று. கண்டனத்தைக் கண்டு வாளாவிருப்போர் இரு திறத்தினர். ‘இவர்க்கெல்லாம் நான் விடை கூறுவதா’ என்னுஞ் செருக்கினால் இருப்பவர் ஒரு திறத்தினர். ‘என் விடையை என் வேலையிற் காண்க’ என்று இருப்பவர் மற்றொரு திறத்தினர். ஐயர் பின்னவர். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. சமண நூலைத் தொட்டதற்காக ஏசப்பட்டவர், அடுத்து ஒரு பௌத்த நூலையும் பதிப்பித்தார் என்பதை நோக்குக. அச்சத்தினால் அடங்கியவர் அவ்வாறு செய்யார். மேலும், சிந்தாமணியை அவர் அவ்வளவில் விட்டுவிடவில்லை. கிடைத்த ஏடுகளைக் கொண்டு மீண்டும் ஒப்புநோக்கித் திருத்தி 1907இல் இரண்டாம் பதிப்பும், 1922இல் மூன்றாம் பதிப்பும் வெளியிட்டார். பிழை உண்டென்றார்க்கு இதனினும் நேர்மையான விடை வேறு யாது? அன்று தாள் அச்சிட்டுத் தூற்றியவர் பெயரை இன்று தேடினாலும் காண்பதரிது. சிந்தாமணி நம் கையில் இருக்கின்றது.

ஐயருக்கு மூத்த பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம் பிள்ளை. இவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்து, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறியவர். கையிலெடுத்த ஏடு ஒடிந்து விழுவதைக் கண்டு நெஞ்சுருகி, வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றினார். பிழை கண்ட அறிஞர் அவற்றைத் தெரிவித்து உதவ வேண்டுமென்று அவர் பதிப்புரைகளில் வேண்டிக்கொண்டார். முற்றுந் திருந்திய பின்னரே வெளியிடுவேன் என்று அவர் காத்திருந்தால் செல் காத்திருந்திருக்குமா? குறையோடு வெளியிட்டுக் குறையைக் கேட்டுத் திருத்துவதே நூல் அழிவதினும் மேல் என்பது அவர் துணிபு. மலாயாவின் இரயில் நிலையங்களிலும் தோட்ட ஆபீசுகளிலும் கணக்கெழுதிய எத்துணையோ யாழ்ப்பாணத்தாரைக் கண்ட நமக்கு, அந்நாட்டார் ஒருவர் இத்துணை அடக்கத்தோடு தமிழுக்குழைத்தது பெருமை தருவதாகும்.

பிறர் நம்மைத் தூற்றியதை மட்டும் பேசி, நம்மவர் பிறரைத் தூற்றியதை மறைப்பது சீர்திருத்தக்காரர்க்கு முறையன்று. பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை 1926 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராயிருந்து அப்பெருவேலையை முடித்தவர். தொல்காப்பியத்திற்கும் திருக்குறளுக்கும் சிலப்பதிகாரத்திற்கும் அவர் குறித்த காலங்கள், தமிழன்பர் பலர் விரும்பியதினும் மிகப் பிற்பட்டவை. அதற்காக அவரைத் தமிழ்ப் பகைவர் என்றே சிலர் பட்டஞ்சூட்டினர். அவர் கண்ட முடிவுகள் பலவற்றைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஏற்கவில்லை, அது வேறு. வசைக்கு அவர் வசை தொடுக்கவில்லை. சான்றுகளை எடுத்துவைத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1940இல் சங்க இலக்கியம் முழுவதும் ஒருசேர வெளிவந்த பதிப்பு அவர் உழைப்பினால் ஆனது. அவரை வைத வாயும் அப்பதிப்பைக் கொண்டே சங்கப்பாட்டைப் படித்திருக்கும். தாம் கூறுவதை அப்படியே நம்பிவிட வேண்டா, ஆராய்ந்து பார்த்து ஏற்க என்று ஒவ்வொரு மேடையிலும் கூறியவர் பெரியார். அவ்வழி நிற்கிறோம் என்போர், ஆராய்ந்து கூறியவரைப் பெயர் சொல்லி வைதது பொருந்துமா?

இனி நம் நாட்டிற்கு வருவோம். கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ இதழில், 1950ஆம் ஆண்டு ‘கதை வகுப்பு’ ஒன்று தொடங்கிற்று. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் அதனை நடத்தினர். இதழ் வாயிலாகச் சிறுகதை இலக்கணத்தைப் பாடமாக எழுதினர்; பயிற்சி கொடுத்தனர்; வாசகர் எழுதி அனுப்பியவற்றைப் பார்த்துத் தரம் பிரித்தனர். அவசரகாலச் சட்டத்தின் கீழ் நாடு தத்தளித்த நாட்கள் அவை. பகலெல்லாம் வேலை செய்து இரவில் விளக்கடியில் எழுதியவர்க்கு, தம் எழுத்துக்குத் தரம் இடப்படுவது புதிய அனுபவமாக இருந்திருக்கும். பின்னர் 1952இல், கோ. சாரங்கபாணி சிங்கையில் நடத்திய ‘தமிழ் முரசு’ இதழில் ‘ரசனை வகுப்பு’ தோன்றிற்று. ‘கந்தசாமி வாத்தியார்’ என்னும் புனைபெயரில் சுப. நாராயணன் நம் எழுத்தாளரின் கதைகளை எடுத்து அலசினார். வாத்தியாரின் பிரம்பு மெல்லியதன்று. எழுத்தாளரிடையே சலசலப்பு எழுந்தது, எதிர்ப்பும் வந்தது. ஆயினும் மலாயாத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் இவ்விரு வகுப்புகளையும் கூறாது மேற்செல்வதில்லை. அடிபட்டோர் எல்லாரும் எழுதுகோலைக் கீழே வைத்திருந்தால் இவ்வரலாறே இராது. அக்காலத்து இளைஞருள் ஒருவரான மா. இராமையா விடாது எழுதிவந்ததோடு, பின்னாளில் நம் நாட்டுத் தமிழிலக்கிய வரலாற்றையும் நூலாக்கினார்.

தோட்டத்து வாசகர்க்குத் தெரிந்த ஓர் உவமையால் இதனை விளக்கலாம். பால்மரம் சீவுவோரின் கத்தி பட்டையளவில் நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வாராது. ஆழம் மிகுந்து மரத்தைத் தொட்டுவிட்டால் காயமாகும். காயப்பட்ட இடத்தில் பட்டை மீண்டும் வளருங்கால் முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. கண்டனம் எழுதுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். எழுதுவோரும் ஒன்றை மறத்தலாகாது: கத்தியே படாத மரம் பால் தருவதில்லை.

இதனை இன்று சொல்ல வேண்டிய காரணம் யாது? டெங்கில் வட்டாரத்தில் 1921இல் தோன்றிய பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இன்று இல்லை. 1995இல் தொடங்கி அந்நிலத்திற் புத்ராஜெயா நகரம் எழுந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே பாடுபட்டோர் டெங்கிலில் அடுக்குவீடுகளிற் குடியேற்றப்பட்டனர். லயமும், கோயிலும், தமிழ்ப்பள்ளியும், ஆயக்கொட்டகையும் எப்படியிருந்தன என்பதைக் கண்ணாற் கண்டு சொல்லவல்லவர் நாளுக்கு நாள் குறைகின்றனர். அவருள் எழுதத் துணிவோர் சிலரே. அச்சிலர் முதற் கண்டனத்திலேயே மனமொடிந்து ஒதுங்கினால், அம்மக்களின் வரலாறு அவர்களோடு புதையும். அன்றி, பொய்யும் மெய்யும் கலந்து எழுதி, பிழை சுட்டியவனைப் பகைவன் என்று தள்ளினால், புதையாத வரலாறும் பழுதாய்விடும். ஆண்டு பிழையென்றோ, பெயர் மாறியிருக்கிறதென்றோ ஒரு தொழிலாளி எழுந்து கூறுவானாயின், அவனுக்கு நன்றி கூறித் திருத்திக்கொள்வதே எழுத்தாளன் கடமை.

நிலைமையோ வேறாக இருக்கின்றது. நூல் வெளியீட்டு விழாக்களில் மாலைக்கும் பொன்னாடைக்கும் குறைவில்லை. நூலைப் படித்துவிட்டு வந்து பேசுவோர்க்குத்தான் குறைவு. குறையொன்று கூறிவிட்டாலோ, கூறியவனுடைய ஊர் எது, கட்சி எது, சாதி எது என்று ஆராய்ச்சி தொடங்கிவிடுகின்றது. கூற்று மெய்யா பொய்யா என்னும் ஒரே ஆராய்ச்சிதான் நடப்பதில்லை. சாதியை ஒழிக்கப் புறப்பட்ட கூட்டத்தில் கருத்துக்குச் சாதி பார்ப்பது வெட்கக்கேடன்றோ?

கண்டனம் வந்தால் முதலில் அதனைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மெய்யான பகுதியை எடுத்து நூலிற் சேர்த்துக்கொள்க; சேர்த்ததை மறையாது கூறுக. ஐயப்பாடான பகுதிக்குச் சான்று காட்டுக. வெறும் வசையைக் காற்றுக்கு விடுக. சினம் தணியாவிடில் மறுப்பை எழுதுக. எழுதியபின் அஞ்சலிற் சேர்க்காமல், நம்பத்தக்க ஒரு நண்பரிடம் காட்டுக. சேஷையரைப் போன்ற ஒரு நண்பர் வாய்த்தால் அது எழுத்தாளன் பெற்ற பெரும் பேறு. வாயாவிடில், கிழிக்கும் கை தன் கையாகவே இருக்கட்டும். மிச்சமாகும் நேரத்தில் அடுத்த நூலைத் தொடங்கலாம்.