சாலை வளர்த்த ஊரும் இருப்புப்பாதை எழுப்பிய ஊரும்



ஓர் ஊர் பெருநகராக வளர்வதும், அதன் அண்டையூர் பின்தங்கி நிற்பதும் எதனால்? பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த நான் இவ்வினாவை வகுப்பில் எழுப்பும்போதெல்லாம், "அரசர்கள் விரும்பினார்கள்" என்னும் விடையே பெரும்பாலும் வரும். அரசரினும் வழிகள் வலியவை என்பதைச் சென்னைக்கு மேற்கேயுள்ள இரண்டு ஊர்களைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன். ஒன்று பூவிருந்தவல்லி, மற்றொன்று அதற்கு வடகிழக்கே அமைந்த அம்பத்தூர்.

பூவிருந்தவல்லி பழமை வாய்ந்தது. இராமானுசரின் ஆசான்களுள் ஒருவராகிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. இங்கிருந்து அவர் காஞ்சிப் பெருமாளுக்கு மலர் கொண்டு சென்றார் என்பது மரபு. 1639-இல் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றபோது, அவ்விடத்தை அளித்த நாயக்கரின் தம்பி ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியிலிருந்தே கடற்கரைப் பகுதியைக் கவனித்துவந்தார். கோட்டை தோன்றாத சென்னைக்கு அன்று தலைமையூர் இதுவே எனலாம். பின்னர், மேற்கே செல்லும் பெருவழியில் வண்டிகளும் வணிகரும் படைகளும் இவ்வூரைக் கடந்தே சென்றனர். கும்பினியாரும் தம் படைவீரர் தங்கி இளைப்பாற இங்கே ஓர் இடம் அமைத்தனர்.

அம்பத்தூரோ அக்காலத்தில் ஏரியும் நெல்வயலும் சூழ்ந்த சிற்றூர். மழை பொய்த்தால் வாடும்; ஏரி நிரம்பினால் மகிழும். அதற்கு வேறு வரலாறு வேண்டியிருக்கவில்லை.

1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைவரை தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதை பூவிருந்தவல்லியைத் தொடவில்லை. வடக்கே ஒதுங்கி, அம்பத்தூர், ஆவடி வழியாகச் சென்றது. அதன் பயன் உடனே விளையவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, ஆலை நிறுவுவோர் அகன்ற நிலமும் அருகே இருப்புப்பாதையும் தேடியபோதுதான் விளைந்தது. 1949-இல் தொடங்கப்பெற்ற மிதிவண்டி நிறுவனத்தின் ஆலை அம்பத்தூரில் எழுந்தது. 1960-களில் அங்கே தொழிற்பேட்டை உருவாயிற்று. 1955 சனவரியில் காங்கிரசு மாநாடு கூடிய ஆவடியில், 1965-இல் "விசயந்தா" கவச வண்டி உருவாகி வெளிவந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்பத்தூரின் மக்கள்தொகை 4 இலட்சத்து 66 ஆயிரம். பூவிருந்தவல்லிக்கோ 57 ஆயிரமே.

இது நம் நாட்டில் புதுமையன்று. தார்ப் பாலைவனத்தில் 1156-இல் எழுந்த செய்சல்மேர் நகரம், ஒட்டக வணிகத்தால் மாளிகைகள் நிறைந்து விளங்கிற்று. பம்பாய்த் துறைமுகம் ஓங்கிக் கடல்வழி வாணிகம் பெருகவே, பாலைவழி தளர்ந்தது. 1947-இல் நாடு பிரிந்தபோது சிந்துநாட்டுக்குச் செல்லும் பழைய வழிகளும் அடைபட்டன. மாளிகைகள் நின்றன, வணிகர் பெயர்ந்தனர்.

ஆனால் மாணவர்களே, வென்ற ஊர் இழந்ததையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அம்பத்தூர் வயல்கள் இன்றில்லை. அதனை அடுத்த கொரட்டூர் ஏரியில் ஆலைக் கழிவும் சாக்கடை நீரும் கலந்தன. சிற்றூருக்கு உயிர் தந்த நீர் நகருக்குச் சுமையாயிற்று. பூவிருந்தவல்லியோ அழிந்துவிடவில்லை, பெங்களூர்ச் சாலை அதனைக் காத்தது. இப்போது மெட்ரோ இருப்புப்பாதையும் உயரமான தூண்களின்மேல் அவ்வூர்வரை நீண்டிருக்கிறது. 1856-இல் விலகிச் சென்ற இருப்புப்பாதை, இவ்வளவு காலம் கழித்து வேறு உருவில் வந்திருக்கிறது.

ஆகவே, உங்கள் ஊர் வரலாற்றை அறிய விரும்பினால், கோயிலையும் கோட்டையையும் காண்பதோடு நின்றுவிடாதீர்கள். ஊருக்குள் எந்த வழி வந்தது, எந்த வழி விலகிச் சென்றது, ஏரிநீர் எங்கே பாய்ந்தது என்று முதியோரைக் கேளுங்கள். புதிய வழி வருமுன் அதனால் எந்த நீர்நிலை கெடும் என்று ஆராய்வதும் வரலாறு பயின்றவன் கடமையே.