புஷ்பராகப் படிகங்கள்

அலுமினியமும் சிலிகாவும் ஃபுளோரினும் கூடிய கனிமமாகிய புஷ்பராகம், அதாவது டோபாஸ், மோஸ் அளவையில் 8 என்னும் கடினத்தை உடையது. நகைக்கடைகளில் கனக புஷ்பராகம் என விற்கப்படுவது பெரும்பாலும் மஞ்சள் நிறக் குருந்தக்கல்லே. அது வேறு கனிமம்.

பட்டை தீட்டிய கல்லில் ஜொலிப்பைத் தேடும் ரத்தின வியாபாரியைப் போலன்றி, படிகம் சேகரிப்போர் விரும்புவது நெடுக வரியோடிய பட்டகமும், மழுங்காத முனையும், இயலுமானால் விளைந்த பாறையின் ஒரு துண்டும் ஒருங்கே அமைந்த மாதிரியையே. இத்தனை கடினமான கல்லும் தன் நீளத்துக்குக் குறுக்கான தளத்தில் ஒரே தட்டில் பிளந்துவிடும் சுபாவமுடையதாதலால், பிரேஸில் தேசத்து ஒவுரோ பிரேத்தோவில் கிடைக்கும் செம்மஞ்சள் நிறப் படிகங்கள் அடிப்புறம் முறிந்து ஒற்றை முனையோடே பெரும்பாலும் கைக்கு வருகின்றன. இரு முனைகளும் பழுதறப் பெற்றவை அபூர்வம்.

அமெரிக்காவில் யூட்டா மாகாணத்துத் தாமஸ் மலைத்தொடரின் படிகங்கள் தனிக் கவனத்துக்குரியவை. ஏறத்தாழ 60 இலக்ஷம் ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய ரயோலைட் எரிமலைக் குழம்பு ஆறுங்கால், அதனின்றும் பிரிந்த ஃபுளோரின் மிகுந்த ஆவிகள் பாறைப் பொந்துகளில் படிந்து இவற்றை விளைவித்தன. பாறையை உடைத்து எடுத்த மாத்திரத்தில் பழுப்பு மது வர்ணத்தில் விளங்கும் இவை, வெயிலில் கிடந்தால் சில தினங்களிலேயே வெளிறிவிடும். ஆகவேதான் மலைச்சரிவில் உதிர்ந்து கிடப்பவை நிறமற்றுத் தோன்றுகின்றன. கையகலப் படிகத்தை இங்கே எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். சிறுமையிலும் கூர்மையே இவற்றின் பெருமை. பருமனை நாடுவோர் பெக்மடைட் பாறைகளையே நோக்க வேண்டும். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள பிரேஸில் படிகம் ஒன்றின் எடை 271 கிலோகிராம்.

பாகிஸ்தானின் காட்லாங்கில் சுண்ணப்பாறையில் விளையும் ரோஜா நிறப் படிகங்களும், ஜெர்மனியின் ஷ்னெக்கென்ஸ்டைன் பாறையில் 18ஆம் நூற்றாண்டில் வெட்டியெடுக்கப்பட்ட வெளிர்மஞ்சள் படிகங்களும் பெயர் பெற்றவை. அடர்நீலக் கற்களோ அனேகமாகக் கதிரியக்கத்தாலும் சூட்டாலும் நிறமேற்றப்பட்டவை. இயற்கை நீலம் வெளிறியே இருக்கும் என்பதைச் சேகரிப்போர் அறிவர்.