செங்காந்தள்

செங்காந்தள் என்பது, கோடையில் தண்டும் இலையும் காய்ந்து தரைக்கு மேல் சுவடின்றி மறைந்து, மண்ணுக்குள் உறங்கும் கிழங்கிலிருந்து மழைப் பருவத்தில் மீண்டும் தளிர்த்து, பற்றுக்கோல் கிடைத்த இடமெல்லாம் விரைந்து ஏறும் கொடியாகும். கிழங்கு கவட்டையாகப் பிரிந்து ஏரை ஒத்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும், கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் பெயர் பெற்ற இதனை உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்றே வழங்குகின்றனர். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

சங்க இலக்கியத்தில் காந்தள் குறிஞ்சி நிலத்து மலர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலுள்ள மலர் வரிசை இதிலிருந்தே தொடங்குகிறது. மலைக்குரியதாகப் பாடப்பட்ட இக்கொடி, மலையே இல்லாத நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், கோடியக்கரைக் காட்டுப் புதர்களில் தானாகவே வளர்வது வியப்புக்குரியது. நெல்வயல் களிமண்ணில் நீர் தேங்கினால் அழுகிவிடும் கிழங்கு, மழைநீரை உடனே வடித்துவிடும் இந்த வேதாரண்யப் பகுதி மணற்பாங்கில் கெடாமல் தங்குகிறது.

கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் நூல் இதனை மேந்தோன்னி என்ற மலையாளப் பெயரால் படத்துடன் விவரித்தது. 1753இல் லின்னேயஸ் இதற்குக் குளோரியோசா சூப்பர்பா என்று பெயரிட்டார். ஆயினும் வேலியோரக் கொடியை வயலுக்குக் கொண்டுவந்தது அதன் அழகன்று, அதன் நஞ்சே ஆகும். யூரிக் அமிலம் மிகுவதால் வரும் மூட்டுவாதத்துக்கு மருந்தாகும் கோல்ச்சிசின் என்னும் காரப்பொருள், 1820இல் பிரான்சில் வேறொரு செடியிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அது செங்காந்தளின் கிழங்கைவிட விதையில் மிகுதி என்பதால், மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் வட்டாரங்களில் விதைக்காகவே இது பயிரிடப்படலாயிற்று.

நடவு ஆனி, ஆடியில் நிகழும். 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளைத் தேர்ந்து நடுவர். கிழங்கின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே ஒரு முளைக்கருவே இருப்பதால், அது ஒடிந்த கிளை முளைப்பதில்லை. கொடி ஏறுவதற்குக் கம்பிப் பந்தலோ, ஊன்றிய கிளுவைப் போத்துகளோ துணையாகும். இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். பச்சையும் மஞ்சளுமாக விரியும் பூ, நாளடைவில் செம்மஞ்சளாகிக் கடைசியில் முழுச் சிவப்பாகும்.

சூல்தண்டு, அதாவது மகரந்தத்தை ஏற்கும் காம்பு, அடியிலேயே செங்கோணமாக மடங்கி மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால் பூக்கள் தாமாகக் காய்ப்பது குறைவு. எனவே உழவர்கள் காலை நேரத்தில் வரிசை வரிசையாக நடந்து, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின் சூல்முடியில் தொட்டு வைக்கின்றனர். வடகிழக்குப் பருவமழையும் புயலும் கொடி பூக்கும் மாதங்களிலேயே வருவதால் பந்தலின் உறுதியே விளைச்சலைக் காக்கிறது.

நட்ட 160 முதல் 180 நாள்களில் காய்கள் முற்றும். செடியின் எல்லாப் பாகமும் உயிரைப் பறிக்கும் நஞ்சாகையால் கிழங்கையும் விதையையும் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் வைப்பது கட்டாயம். காய் பறித்தபின் கொடி பந்தலிலேயே காய்ந்துவிட, கிழங்கு தோண்டப்படாமல் அடுத்த பருவத்துக்கென மண்ணிலேயே விடப்படுகிறது.