தலை கொடுத்த மன்னன்



"சார், ரெண்டே வருஷம் ஆண்ட ராஜாவை எதுக்குப் படிக்கணும்?" புக்கிட் தெங்காவில் நம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். அந்த மன்னனின் கதையையே விடையாகச் சொல்கிறோம்.

அவன் பெயர் சிறீசங்கபோதி. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் அனுராதபுரத்தில் ஆண்ட சிங்கள மன்னன். மகாவம்சம் என்னும் பாலி நூல் அவன் கதையைக் கூறுகிறது.

ஒரு சமயம் மழை பொய்த்தது. மக்கள் பசியால் வாடினர். மன்னன் மகாதூபியின் முற்றத்தில் வெறுந்தரையில் படுத்து, மழைநீர் தன்னைத் தூக்கினாலன்றி எழுவதில்லை என்று உறுதி பூண்டான். மழை பெய்தும் எழவில்லை. அமைச்சர்கள் நீர் வடியும் தூம்புகளை அடைத்த பிறகு, உடல் மிதக்கவே எழுந்தான்.

கலகக்காரர்களைப் பிடித்து வந்தால் இரகசியமாக விடுவித்துவிட்டு, முன்பே இறந்தவர்களின் பிணங்களை எரிக்கச் செய்வான். தண்டனை நிறைவேறியது என்று எண்ணி மற்றவர்கள் அஞ்சுவார்கள்.

ஆனால் எல்லாக் கலகமும் அப்படி அடங்குமா? பழைய நண்பனும் பொக்கிஷ அதிகாரியுமான கோதாபயன் வடக்கிலிருந்து படையோடு வந்தான். தன் பொருட்டுப் பிறர் துன்புறக்கூடாது என்று, நீர் வடிகட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, மன்னன் தென்வாசல் வழியே தனியே வெளியேறினான். வழிப்போக்கன் ஒருவன் தன் கட்டுச்சோற்றை அவனுக்கு வற்புறுத்தி ஊட்டினான். கைம்மாறு செய்ய மன்னனிடம் ஒன்றுமில்லை. "என் தலையைக் கொண்டுபோய்க் கோதாபயனிடம் காட்டு, பொன் கிடைக்கும்" என்றான். அவன் மறுக்க, மன்னன் இருந்தபடியே உயிர் நீத்தானாம். தலையைக் கண்டு வியந்த கோதாபயன் பொன் கொடுத்து, மன்னனுக்கு ஈமக்கடனையும் முறையாகச் செய்தான்.

நமக்குக் குமணன் நினைவு வருகிறதல்லவா? தம்பியிடம் நாடிழந்து காட்டில் இருந்த அவன், பாடி வந்த பெருந்தலைச்சாத்தனாரிடம் தன் தலையைக் கொள்ளும்படி வாளை நீட்டினான். மொழி வேறு, சமயம் வேறு. இரு மக்களும் போற்றிய குணம் ஒன்று.

மகாவம்சம் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சியும் அப்படியே நடந்தது என்று நாம் சாதிக்க வேண்டியதில்லை. இரக்கம் மட்டும் இருந்தால் நாட்டைக் காத்துவிடலாம் என்றும் சொல்வதற்கில்லை; அவன் அரியணை இரண்டாண்டில் போயிற்று.

வென்ற கோதாபயன் 13 ஆண்டுகள் ஆண்டான். ஆயினும் பிற்கால மன்னர் பலர் பட்டப்பெயராகச் சூடியது தோற்றவனின் பெயரையே. சோழரை வென்ற முதலாம் விஜயபாகுவும் அவர்களில் ஒருவன். பொலன்னறுவையில் வேளைக்காரப் படையினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டிலும் சங்கபோதி என்ற அந்தப் பெயர் இருக்கிறது.

மாணவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "தம்பி, ஆண்ட காலத்தை எண்ணிவிடலாம். மக்கள் நினைத்த காலத்தையும் சேர்த்து எண்ணிப் பார்."