விரல் சுண்டக் கிளம்பும் எஞ்சின்

மைதானத்தின் ஓரத்தில் ஒரு மாணவன் குந்தியிருக்கிறான். அவன் முன்னே பால்சா மரத்தால் செய்த மாதிரி விமானம். அதன் மூக்கில் தீப்பெட்டியளவே உள்ள ஓர் எஞ்சின். முன்னாலுள்ள சுழல்விசிறியை விரலால் சுண்டுகிறான், எஞ்சின் கிளம்பவில்லை. ஐம்பது முறை சுண்டியாயிற்று. விரல் சிவந்ததுதான் மிச்சம். பொறுமையிழந்து, கைக்கு எட்டிய திருகையெல்லாம் திருகத் தொடங்குகிறான். இனி அந்த எஞ்சின் அன்று கிளம்பப் போவதில்லை!

எந்த உள்ளெரி எஞ்சினும் இயங்க மூன்று தேவை. எரிபொருளும் காற்றும் தக்க அளவில் கலக்க வேண்டும்; அக்கலவை உருளைக்குள் நன்கு அழுத்தப்பட வேண்டும்; சரியான நேரத்தில் தீப்பற்ற வேண்டும். முதலிரண்டும் ஸ்கூட்டருக்கும் இதற்கும் பொது. மூன்றாவதில்தான் மாதிரி விமான எஞ்சினின் வரலாறே அடங்கியிருக்கிறது.

ரப்பரிலிருந்து பெட்ரோலுக்கு

1871-ல் பிரான்சு நாட்டு அல்போன்ஸ் பெனோ, முறுக்கிய ரப்பரின் விசையால் பறக்கும் சிறு விமானத்தைப் பாரிஸ் பூங்கா ஒன்றில் பறக்கவிட்டார். அது 11 வினாடி பறந்தது. 1896 மே 6-ம் நாள் அமெரிக்க விஞ்ஞானி லாங்லியின் ஆளில்லா நீராவி விமானம் போட்டோமாக் ஆற்றின் மேல் சுமார் ஒரு கிலோமீட்டர் பறந்தது. ஆனால் கொதிகலனும் நெருப்பும் சுமந்த அதைச் சிறுவர்கள் கையாள முடியுமா? ரப்பர்தான் அவர்களுக்குத் துணையாயிற்று.

1930-களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. பிலடெல்பியாவைச் சேர்ந்த பில் பிரவுன் என்னும் இளைஞர் 10 கன செ.மீ. கொள்ளளவுள்ள சிறு பெட்ரோல் எஞ்சினை உருவாக்கினார். அதைப் பொருத்திய மேக்ஸ்வெல் பாசெட்டின் விமானம் 1933-ம் ஆண்டு தேசியப் போட்டியில் ரப்பர் விமானங்களைத் தோற்கடித்தது. பிறகு பெட்ரோல் விமானங்களுக்கெனத் தனிப்பிரிவு வகுக்க வேண்டியதாயிற்று. 'பிரவுன் ஜூனியர்' என்ற பெயரில் அந்த எஞ்சின் விற்பனைக்கும் வந்தது.

இதில் தீ மூட்டியது மின்பொறி. அதற்கு ஸ்பார்க் பிளக், மின்சுருள், கண்டென்சர், பாட்டரிகள், திறந்து மூடும் தொடுமுனைகள் எல்லாம் வேண்டும். இவற்றின் எடை எஞ்சினின் எடைக்கு நிகராகவோ, அதை மிஞ்சியோ இருந்தது. தொடுமுனையில் சிறிது எண்ணெய் படிந்தாலும் பொறி எழாது. பாட்டரி சோர்ந்தாலும் எழாது. எஞ்சின் கிளம்பாவிட்டால் பத்தில் எந்த உறுப்பு குற்றவாளி என்று தேடுவதிலேயே மாலைப்பொழுது போய்விடும். இத்தொல்லையே புதிய வழிகளைத் தேடத் தூண்டியது.

பொறியின்றித் தீ

ஐரோப்பியர் கண்ட வழி, அழுத்தத்தாலேயே தீ மூட்டுவது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறையச் சம அளவில் கலந்தார்கள். ஈதர் குறைந்த வெப்பத்திலேயே தானாகத் தீப்பற்றும் இயல்புடையது. உருளையின் உச்சியில் இன்னொரு குட்டிப் பிஸ்டனை வைத்து, திருகினால் அது கீழிறங்கி அழுத்தம் கூடுமாறு அமைத்தார்கள். மின்சாரமே வேண்டாம்! 1946-ல் இங்கிலாந்தில் வந்த 'மில்ஸ்' எஞ்சின் இவ்வகையில் புகழ்பெற்றது. மில்ஸ் மாதிரியிலான சிறு எஞ்சின்கள் பின்னாளில் நம் நாட்டில் கல்கத்தாவிலும் செய்யப்பட்டன.

இதற்கும் சில நோய்கள் உண்டு. புட்டியைத் திறந்து வைத்தால் ஈதர் ஆவியாகிப் பறந்துவிடும். மிஞ்சிய எரிபொருளால் எஞ்சின் கிளம்பாது. எரிபொருள் அளவுக்கு மீறி உருளைக்குள் புகுந்துவிட்டால் பிஸ்டன் மேலேற இடமிராது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாதல்லவா? விசிறியை அப்போது வலிந்து சுழற்றினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அழுத்தத் திருகைத் தளர்த்தி, எஞ்சினைக் கவிழ்த்து வடியவிடுவதே முறை.

டேவியின் கம்பி

1817-ல் சர் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்குகளைப் பற்றி ஆராய்ந்தபோது ஒரு விந்தையைக் கண்டார். எரியும் வாயுவும் காற்றும் கலந்த கலவையில் சூடான பிளாட்டினக் கம்பியை வைத்தால், சுடரின்றியே கம்பி தொடர்ந்து கனன்றது. பிளாட்டினம் தான் மாறாமலே வேதிவினையை விரைவுபடுத்துகிறது. இதையே வினையூக்கம் என்கிறோம்.

130 ஆண்டுகள் கழித்து, 1947-ல், அமெரிக்கரான ரே ஆர்டன் இதே பண்பைப் பயன்படுத்தி 'குளோ பிளக்'கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிளக்கினுள் பிளாட்டினக் கலவைக் கம்பிச்சுருள். கிளப்பும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பாட்டரியை இணைத்தால் போதும். கிளம்பியபின் மெதனால் ஆவி கம்பிமேல் வினைபுரியும் வெப்பமும், எரிதலின் வெப்பமும் கம்பியைக் கனன்றுகொண்டே இருக்கச் செய்யும். பாட்டரியைக் கழற்றித் தரையிலேயே வைத்துவிடலாம். மின்சுருளும் தொடுமுனையும் விமானத்திலிருந்து இறங்கின. எஞ்சின்களும் சிறுத்தன: 1961-ல் காக்ஸ் நிறுவனம் 0.16 கன செ.மீ. எஞ்சினையே விற்றது!

விளக்கெண்ணெயின் இருமுகம்

கனிம எண்ணெய் மெதனாலில் கரையாது; விளக்கெண்ணெய் கரையும். கடும் வெப்பத்திலும் அதன் வழுக்கும் தன்மை குன்றாது. முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களிலும் இதுவே உயவுப்பொருள். நம் வீட்டு ஆமணக்கெண்ணெய் வானம் வரை சென்ற கதை இது.

ஆனால் எஞ்சினை நாட்கணக்கில் சும்மா வைத்தால் அவ்வெண்ணெய் பிசினாகி பிஸ்டனை இறுகப் பிடித்துக்கொள்ளும். குறடு போட்டுத் திருகலாகாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இளஞ்சூட்டில் இளக்க வேண்டும். பறத்தல் முடிந்ததும் மீதி எரிபொருளை எரித்துத் தீர்த்து, சில துளி மெல்லிய எண்ணெய் விட்டு வைத்தால் இத்தொல்லையே வராது.

பழுதைத் தேடும் முறை

நம் மாணவனிடம் இருப்பது குளோ பிளக் எஞ்சின் என்று கொள்வோம். அவன் வரிசையாகச் சோதிக்கட்டும். பிளக்கைக் கழற்றிப் பாட்டரியில் இணைத்தால் கம்பி பளிச்சென்று கனல்கிறதா? இல்லையெனில் பிளக்கோ பாட்டரியோ பழுது. பாட்டரியை அகற்றிவிட்டு விசிறியை மெல்லத் திருப்பும்போது பிஸ்டன் எதிர்த்து உந்துகிறதா? இல்லையெனில் அழுத்தம் கசிகிறது. பிளக்கின் வாஷரை முதலில் பார்க்க வேண்டும். எரிபொருள் குழாயில் குமிழி ஓடுகிறதா? குழாயில் எங்கோ துளை உள்ளது.

கிளம்பிய எஞ்சின் பாட்டரியைக் கழற்றியதும் நின்றால், கலவையில் எரிபொருள் மிகுந்து கம்பியைக் குளிர்விக்கிறது. அல்லது பிளக் தேய்ந்துவிட்டது. வேகம் உச்சத்துக்கேறிச் சூடாகி நின்றால் எரிபொருள் குறைவு. ஊசித் திருகைச் சற்றே திறக்க வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியதன் பயனைப் பார்த்தபின் அடுத்ததைத் தொடுக. ஆய்வுக்கூடத்தின் விதியும் இதுவே.

எச்சரிக்கை ஒன்று: மெதனால் நஞ்சு, உள்ளே சென்றால் கண்பார்வையையே பறிக்கும். பகலில் அதன் சுடரும் எளிதில் தெரியாது. சுழலும் விசிறியின் நேர்ப்பக்கத்தில் யாரும் நிற்கலாகாது.

இன்று மின்மோட்டார்கள் இவ்விடத்தைப் பெரிதும் பிடித்துவிட்டன. எனினும் 2003 ஆகஸ்டில், பார்வை பெரிதும் குன்றிய முதியவரான மேனார்ட் ஹில்லும் நண்பர்களும் அமைத்த 5 கிலோவுக்குட்பட்ட மாதிரி விமானம், நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை அட்லாண்டிக்கைக் கடந்தது. சுமார் 3,030 கிலோமீட்டர். 38 மணி 52 நிமிடம். அதற்கு முன் அனுப்பியவை கடலோடு போயிருந்தன. வென்ற விமானத்தின் 10 கன செ.மீ. எஞ்சின், எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காகப் பழைய மின்பொறி முறைக்கே மாற்றப்பட்டிருந்தது! எஞ்சின் கிளம்ப மறுத்தால் சினம் கொள்ளாமல், 'ஏன்?' என்று கேட்டவர்கள்தாம் அதைக் கடல் கடக்க வைத்தார்கள்.